அந்தப் பெண் கேட்டதில் சிரிக்க என்ன இருந்தது?

மூன்று நாட்களாக அந்தக் காணொளியை எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். ஒன்றுக்குப் பத்து முறை பார்த்துவிட்டேன். இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு, நான் மதிக்கிற ஒருவரே அதை "நல்ல நகைச்சுவை" என்று பகிர்ந்திருந்ததைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். போட்டித் தேர்வுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கான வழிகாட்டி நிகழ்ச்சி. "யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம்" என்று அழைத்தது அவர்கள். ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டாள்: "ஐயா, யுபிஎஸ்சியும் டிஎன்பிஎஸ்சியும் ஒன்றா? இரண்டுக்கும் ஒரே படிப்புதானா?" மேடையில் இருந்தவர், "இதுகூடத் தெரியாமலா கலெக்டர் கனவு? முதலில் வீட்டுக்குப் போய்த் தெரிந்துகொண்டு வாம்மா" என்றார். மண்டபம் சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அவள் கேட்டதற்குப் பதில் வரவே இல்லை. காணொளியை இத்தனை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள், பின்னூட்டங்களில் ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை.

அதே கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டேன். அதனால் எனக்குப் போனது மூன்று வருடம்.

2019 செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. மாநில அரசுப் பணிகளுக்காக டிஎன்பிஎஸ்சி நடத்தும் குரூப் 4, என்னுடைய முதல் தேர்வு. அதற்கு முந்தைய வாரம் உறவுக்கார அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். டெல்லியில் தங்கி, ஐஏஎஸ் போன்ற பணிகளுக்கு யுபிஎஸ்சி நடத்தும் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்தவர். எங்கள் குடும்பத்தில் அவர் சொல்லே வேதம். "தெரியாத கேள்வியைத் தொடாதே. தப்பாக எழுதினால் கையில் இருக்கிற மதிப்பெண்ணும் போய்விடும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் எழுதிய தேர்வுக்கு அது சரியான அறிவுரை. யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் ஒரு தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிடும். குரூப் 4 தேர்வில் அப்படி எந்தக் கழிப்பும் கிடையாது. எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரியாது என்பது அண்ணனுக்கும் தெரியாது.

இருநூறு கேள்விகளில் இருபத்து மூன்றை வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு வட்டத்தைக் கருப்பாக்கியிருந்தாலும் ஐந்தாறு சரியாக அமைந்திருக்கும். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். என் பிரிவில் கடைசியாக அழைக்கப்பட்டவருக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம் நான்கரை மதிப்பெண். மூன்றே மூன்று கேள்விகள்.

அடுத்த குரூப் 4 உடனே வரவில்லை. கொரோனா வந்தது. தேர்வு நடந்தது 2022 ஜூலை 24 அன்றுதான். அதற்குள் விதிகளே மாறியிருந்தன. விடை தெரியாவிட்டால் அதைக் குறிக்க விடைத்தாளில் 'E' என்று ஐந்தாவது வட்டம் வந்திருந்தது. எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக் கூடாது. தமிழ்ப் பகுதி கட்டாயமாகியிருந்தது. நூற்றைம்பதுக்கு அறுபது வாங்கினால்தான் மற்றதையே திருத்துவார்கள். இவை எல்லாவற்றையும் அந்த முறை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். தேர்ச்சி பெற்றேன். இன்று இளநிலை உதவியாளராக இருக்கிறேன்.

இடைப்பட்ட அந்த மூன்று வருடங்களில் என் அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு எத்தனை ஆயிரம் பீடி சுற்றியிருப்பார் என்று யாராவது கணக்குச் சொல்ல முடியுமா? ஒரு மண்டபத்தில் ஒருவர் ஒரு நிமிடம் பொறுமையாகச் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் அந்தப் பெண் கேட்டாள்.

சரி, அவர்கள் சொல்லாததை நான் சொல்கிறேன். தங்கையே, இரண்டும் ஒன்றல்ல. யுபிஎஸ்சி நடத்துவது நாடு முழுவதற்குமான குடிமைப் பணித் தேர்வு. அதற்குப் பட்டம் வேண்டும், மூன்று படிகள் உண்டு. முதல்நிலையில் இரண்டு தாள்: பொது அறிவில் நூறு கேள்விகள், திறனறிவில் எண்பது கேள்விகள். திறனறிவில் 33 விழுக்காடு எடுத்தால் போதும், ஆனால் அதை எடுக்காவிட்டால் பொது அறிவில் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. அடுத்தது முதன்மைத் தேர்வு, ஒன்பது தாள், அத்தனையும் கையால் எழுத வேண்டும். கடைசியில் நேர்முகம். முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். ஆனால் முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், நேர்முகத்திலும் தமிழில் பேசலாம். டிஎன்பிஎஸ்சி என்பது நம் மாநிலத் தேர்வாணையம். துணை ஆட்சியர் போன்ற பணிகளுக்குக் குரூப் 1, அதிலும் மூன்று படிகள். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் போன்றவற்றுக்குக் குரூப் 4, பத்தாம் வகுப்பு போதும், ஒரே நாளில் ஒரே தேர்வு.

"ஒரே படிப்புதானா" என்று கேட்டாயே, அது இன்னும் நல்ல கேள்வி. பாதி ஒன்றுதான். அரசியலமைப்பு, இந்திய வரலாறு, புவியியல், பொருளாதாரம் ஆகியவற்றின் அடிப்படை இரண்டுக்கும் பொது. ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் தொடங்கு. நம் பாடநூல் கழகப் புத்தகங்கள் பன்னிரண்டாம் வகுப்பு வரை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. காசு கொடுத்துத் தடித்த கையேடுகளை வாங்குவதற்கு முன் அவற்றை முடி. முந்தைய ஆண்டு வினாத்தாள்களைக் கடைசியில் பார்க்கலாம் என்று வைத்துவிடாதே, முதல் வாரத்திலேயே எடுத்துப் பார். விடை தெரியாது, பரவாயில்லை. என்ன மாதிரி கேட்கிறார்கள் என்பது கண்ணுக்குப் பழகட்டும்.

இதைப் படிக்க உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். மேடையில் இருந்தவருக்கு அந்த ஒரு நிமிடம் இல்லாமல் போனது.

இனி என்னைத் திட்டப்போகிறவர்களுக்கு. "எல்லாம் இணையத்தில் இருக்கிறது, தேடத் தெரியாதவள் எப்படி அதிகாரியாவாள்" என்கிறீர்கள். நானும் தேடியவள்தான். டிஎன்பிஎஸ்சி அறிவிக்கை பல பத்துப் பக்கம். எந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் இணையம் விடை தரும். புதிதாக வருகிறவளுக்கு அது "முப்பது நாளில் வெற்றி" என்கிற விளம்பரத்தைத்தான் முதலில் காட்டும்.

"அவர் கஷ்டப்பட்டு மேலே வந்தவர், அவரைக் குறை சொல்லலாமா" என்று கேட்பவர்களும் உண்டு. அவர் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. கஷ்டப்பட்டவர் என்பதால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அவரும் ஒரு நாள் இதே கேள்வியை யாரிடமோ கேட்டிருப்பார். யாரோ பதில் சொல்லியிருப்பார்கள்.

"தேர்வுக்கு வருகிறவர் அடிப்படையையாவது பார்த்துவிட்டு வர வேண்டாமா" என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. வேண்டும்தான். ஆனால் அது பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்ல வேண்டிய வார்த்தை. ஐந்நூறு பேருக்கு முன்னால், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்கிற வார்த்தை இல்லை.

இன்னொன்றும் வந்திருக்கிறது, நேரடியாக என் உள்பெட்டிக்கே. "நீங்களே குரூப் 4தானே, ஐஏஎஸ் பற்றி நீங்கள் என்ன பேசுவது?" ஆமாம், குரூப் 4தான். 2025 ஜூலை 12 அன்று 3,935 பணியிடங்களுக்குப் பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிய அதே குரூப் 4. அதில் ஓர் இடம் கிடைத்தால் ஒரு வீட்டில் என்னவெல்லாம் மாறும் என்பது எனக்குத் தெரியும். என் முதல் சம்பளத்தில் அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நடந்தது. "குரூப் 4தானே" என்கிற அந்த 'தானே'யை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்த சிரிப்பும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது.

உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் படித்து முடித்த பெண்ணுக்கு வீட்டில் ஒரு வருடம் தருவார்கள். "ஒரு வருடம் எழுதிப் பார், இல்லையென்றால் மாப்பிள்ளை பார்த்துவிடுவோம்." பையனுக்கு நான்கு வருடம், ஐந்து வருடம். அவன் டெல்லிக்கும் போகலாம், சென்னை அண்ணாநகரில் அறை எடுத்தும் தங்கலாம். அவளுக்கு ஒரே ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் முதல் மூன்று மாதம், எந்தத் தேர்வு, எந்தப் புத்தகம், எந்தப் படிவம் என்று தெரிந்துகொள்வதிலேயே போய்விடும். 2019 தேர்வு முடிவு வந்த இரவு, பக்கத்து அறையில் அப்பா யாரிடமோ என் ஜாதகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அம்மாதான் எழுந்துபோய், "அவள் இன்னொரு தடவை எழுதட்டும்" என்றார். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் இந்தப் பதிவை எழுத நான் இங்கே இல்லை.

அந்தப் பெண் அன்று வீட்டில் என்ன சொல்லிவிட்டு மண்டபத்துக்கு வந்தாளோ! அந்தக் காணொளியை அவள் வீட்டில் பார்த்திருப்பார்கள். அவள் அப்பா பார்த்திருப்பார். அவளுக்குக் கிடைத்திருந்த வருடத்தில் எத்தனை மாதம் அந்தச் சிரிப்போடு போனதோ என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள். மன்னிப்புக்கூட வேண்டாம். நீக்கினால் போதும்.

அவளை அறிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவளிடம் சொல்லுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நானும் இருப்பேன். நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்து படிக்கிறோம், எட்டாவது நாற்காலிக்கு இடம் உண்டு.

அந்தக் காணொளியில் அவள் உட்காரும்போது கவனித்தீர்களா? கையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. அவள் பக்கத்தில் அமர்ந்திருந்த என் தோழி சொன்னாள், அதில் இன்னும் இரண்டு கேள்விகள் எழுதியிருந்தாளாம். அந்தத் தாளையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.