‘வஸ்திரம்’ திரிந்து ‘ஸ்கெஸ்த்’ ஆனதா?

பழைய ஆர்மேனியத்தில் உடைக்கு ‘ஸ்கெஸ்த்’ என்று பெயர் (‘கங்கை’யின் முதல் ஒலிதான் இந்தக் ‘கெ’க்கும்). இது சமஸ்கிருத ‘வஸ்திர’த்தின் திரிபு என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. இரண்டும் உறவுச் சொற்கள்தான், ஆனால் ஒன்றிலிருந்து மற்றது பிறக்கவில்லை.

முன்னால் உள்ள ‘ஸ்’ வெறும் முன்னொட்டு. அதை எடுத்துவிட்டால் ‘கெஸ்த்’. சமஸ்கிருதம், லத்தீன், ஆர்மேனியம் போன்றவற்றுக்குப் பொதுத் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் ‘உடுத்து’ எனப் பொருள்பட்ட ‘வெஸ்’ என்ற வேர்தான் இதற்கும் வஸ்திரத்துக்கும் அடி. மூலமொழியின் வகரம் ஆர்மேனியத்தில் இப்படிக் ககரமாவது வழக்கம். திராட்சை மது லத்தீனில் ‘வீனும்’, ஆர்மேனியத்தில் ‘கினி’. ‘அறிவேன்’ என்பதற்குச் சமஸ்கிருதத்தில் ‘வேத’, அங்கே ‘கிதெம்’.

பிற்பாடு ஈரானிய மொழிகளிலிருந்து வந்த சொற்களைப் பாருங்கள்: ரோஜாவுக்கு ‘வர்த்’, காட்டுப்பன்றிக்கு ‘வராஸ்’. வகரம் அப்படியே இருக்கிறது! வஸ்திரம் கடனாகப் போயிருந்தால் அதுவும் வகரத்தோடுதான் இருந்திருக்கும். இப்படிக் கடன்சொற்களைப் பிரித்துப் பார்த்துத்தான், ஆர்மேனியம் ஈரானியக் கிளை அல்ல, இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் தனிக் கிளை என்று 1875-இல் ஜெர்மானிய மொழியியலாளர் ஹைன்ரிஷ் ஹுப்ஷ்மான் நிறுவினார். அவ்வளவு அருமையான ஆய்வை ஒரு ஃபார்வர்டு அழிப்பது வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், பொருள். பொதுவாக உடையைக் குறித்த ‘ஸ்கெஸ்த்’, இன்று பெரும்பாலும் பெண்கள் அணியும் கவுனைக் குறிக்கிறது.