அந்த மைக்கைக் கொஞ்சம் இறக்குங்களேன்

"குழந்தைக்கு ஆட்டிசமா? கர்நாடக சங்கீதம் போட்டு விடுங்க, அதுவும் வயலின்னா அப்படியே அடங்கிடும்" என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் சத்தம் தாங்காத காது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் யாரும் இதை எழுதியிருக்க மாட்டார். எனக்கு அந்தக் காதுதான். என் அக்கா மகனுக்கும் அப்படியே, அவனுக்கு ஆட்டிசமும் உண்டு. மிக்ஸி, குக்கர் விசில், எவர்சில்வர் தட்டில் கரண்டி உரசுவது என்று நீளும் எங்கள் பட்டியலில் சில நாள் வயலினும் சேர்ந்துவிடும் என்றால் சங்கீதம் தெரிந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இத்தனைக்கும் எங்கள் இரண்டு பேருக்குமே வயலின் என்றால் உயிர்.

மனிதக் காதுக்கு எல்லா ஒலியும் ஒன்றல்ல. ஏறக்குறைய 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை அதற்குக் கூர்மை அதிகம், பச்சைக் குழந்தையின் வீறிடல் குத்துவதும் அங்கேதான். வயலினில் வாசிக்கிற ஸ்வரம் பெரும்பாலும் அதற்குக் கீழேயே இருந்தாலும், கூடவே தானாக எழும் உயர்ந்த ஒலிகளான மேற்சுரங்களும் வில் தந்தியில் உரசும் கரகரப்பும் நேராக அந்த இடத்தில் போய் விழுகின்றன. இதில் சுருதி வேறு, அதாவது பாடுகிறவருக்கு ஏற்ற ஆதார ஸ்வரத்தின் உயரம்; கட்டை எண் கூடினால் அந்த உயரமும் கூடும். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்குப் பக்கவாத்தியம் என்றால் தந்தியை நன்றாக முறுக்கிக் கட்ட வேண்டும். அதே வித்வான் இரண்டு கட்டையில் தனிக் கச்சேரி வாசித்தால் எனக்கு நிம்மதியாக உட்கார முடிகிறது.

சரி, தாரஸ்தாயி என்கிற உச்ச ஸ்வரங்கள் கூசத்தான் செய்யும், அது வாத்தியத்தின் சுபாவம். ஒரு வீட்டுக் கூடத்தில் மைக் இல்லாமல் யாராவது வாசித்தால் அந்தக் கூச்சத்தையும் மீறிக் கேட்க முடிகிறது. வில்லின் அழுத்தம் கூடுவதும் குறைவதும் முன்கூட்டியே தெரிகிறது, காது தயாராகிவிடுகிறது. கச்சேரி நடத்தும் சபா அரங்கில் அந்த வசதி கிடையாது. வயலின் உடம்பில் ஒரு மைக்கை ஒட்டி, அதில் வரும் கரகரப்பை இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கரில் விட்டால் அது வேறு ஏதோ வாத்தியம்.

மேடையில் நடப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். வழக்கமாக முதலில் வரும் வர்ணம் முடிவதற்குள் மிருதங்கக்காரர் சவுண்டு ஆளைப் பார்த்து ஒற்றை விரலை மேலே தூக்குவார். வயலின்காரரும் தன் பக்கம் திருப்பி வைத்த மானிட்டர் ஸ்பீக்கரைக் காட்டி அதே விரலைத் தூக்குவார். இப்போது பாடகருக்குத் தன் குரலே கேட்காது, அவரும் தூக்குவார். விரலைக் கீழே காட்டிய ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. மைக் இல்லாத காலத்தில் வயலின் கடைசி வரிசைக்கு எட்ட வேண்டும் என்றுதான் வயலின் வித்வான் மைசூர் சௌடையா நான்கு தந்தியை ஏழாக்கினார். அன்றைக்கு அது நியாயமான தேவை. முந்நூறு பேர் உட்காரும், ஏசி போட்டு மூடிய அரங்கில் இன்றைக்கு யாருக்கு எட்டவில்லை என்று இவ்வளவு ஏற்றுகிறார்கள்?

பிரிட்டனில் நாடக அரங்குகளும் ஆர்க்கெஸ்ட்ராக்களும் 'ரிலாக்ஸ்டு பெர்ஃபார்மென்ஸ்' என்று தனியாக நடத்துகிறார்கள். விளக்கை முழுக்க அணைப்பதில்லை, நடுவில் எழுந்து போய்விட்டு வரலாம், ஆடினாலும் முனகினாலும் யாரும் உஸ் என்று அடக்குவதில்லை, களைத்துப் போனால் உட்கார அமைதியான ஓர் அறை இருக்கும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பாதிக்குப் பாதி நம் சபாவில் ஏற்கெனவே நடப்பதுதானே! விளக்கு எரிகிறது, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்தால் பாதிக் கூட்டம் கேன்டீனுக்குப் போகிறது, முன்வரிசை மாமா தொடையில் தட்டித் தாளம் போடுகிறார், நடுவில் "பலே" என்கிறார். அதே மாமாதான் அக்கா மகன் முன்னும் பின்னும் ஆடியபடி சன்னமாக முனகினால் திரும்பி முறைக்கிறார். ஒரு சபாவில் பேட்ஜ் குத்திய தொண்டர் வந்து "வெளியில வச்சுக் கேட்க வைங்களேன்" என்று அக்காவிடம் சொன்னார். வெளியிலும் ஸ்பீக்கர் இருக்கிறதாம்.

அவனுக்கு வாசிப்பைவிடக் கைதட்டல்தான் பெரிய தொந்தரவு, திடீரென்று வெடிக்கிறது இல்லையா. ஆனால் தனி ஆவர்த்தனத்தின் கடைசியில் கோர்வை என்ற கணக்கான தாளக் கோவையை மூன்று தரம் வாசித்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் கொண்டு வந்து விடுவார்கள் என்பதை அவனே கண்டுபிடித்துவிட்டான். மூன்றாவது தரம் ஆரம்பித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான், கூட்டம் தட்டி ஓய்ந்ததும் எடுப்பான். பக்கத்தில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கணக்குப் பிடிபட்டது என்று கேட்கத் தோன்றியது.

எங்களைப் போன்ற காது உள்ளவர்களுக்கு, எனக்கு ஒத்துவந்த சிலவற்றைச் சொல்கிறேன். தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை மெல்லத்தான் தொடங்கும், அதைக் கேட்டு வால்யூமை வைத்தால் பின்னால் அடி விழும்; பதிவின் உச்சமான இடத்தைக் கேட்டுவிட்டு அதற்கு வையுங்கள். போனில் ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் இருந்தால் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கொஞ்சம் இறக்குங்கள். பழைய வானொலிப் பதிவுகளில் மேல் ஒலிகள் பெரும்பாலும் மழுங்கியிருக்கும், ஒலித்தரம் பார்ப்பவர்கள் குறை சொல்வது எனக்கு வசதி. வயலின் வித்வான் டி.என். கிருஷ்ணனின் பதிவுகளில் வில் திரும்புகிற இடமே தெரியாது, முதலில் அவரிடமிருந்து தொடங்கலாம். இன்னொரு வயலின் வித்வான் லால்குடி ஜெயராமனைக் காது தாங்கும் நல்ல நாளுக்கு வைத்திருக்கிறேன். கச்சேரிக்குப் போகும்போது மருந்துக் கடை ஃபோம் காது அடைப்பான் வேண்டாம், அது மேல் ஒலிகளை மட்டும் அதிகமாக அமுக்கிவிடுவதால் வயலின் கம்பளிக்குள்ளிருந்து கேட்பது போல் ஆகிவிடும். இசைக் கலைஞர்களுக்கென்றே வரும் அடைப்பான் எல்லாவற்றையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், விலைதான் கூடுதல். அப்புறம், எந்த ராகம் எந்த வியாதிக்கு என்ற அட்டவணையை நம்பி எந்தப் பிள்ளையையும் உட்கார வைக்காதீர்கள், பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகட்டும்.

சபா செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில், திறந்த வெளியில், பிள்ளைகளே மைக் இல்லாமல் கச்சேரி செய்திருக்கிறார்கள். அப்படியிருக்க மார்கழிப் பட்டியலில் ஒரே ஒரு வயலின் தனிக் கச்சேரியை, நூறு பேருக்குள், மைக் இல்லாமல் போட முடியாதா? கதவோரம் ஒரு வரிசையை எங்களுக்கு விடுங்கள். மற்ற நாட்களுக்கு டிக்கெட் விற்கும்போது ஸ்பீக்கர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இருக்கைப் படத்தில் குறித்துவிடுங்கள். செலவு என்று பார்த்தால் ஒன்றும் இல்லை, அன்றைக்கு மைக் செட் வாடகையே மிச்சம்.