மருந்து அடித்து எத்தனை நாளாயிற்று?

காய்கறிகளிலும் பழங்களிலும் தங்கும் பூச்சிக்கொல்லி எச்சத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம் உரையாடல் சமையலறைத் தொட்டியருகே போய் நின்றுவிடுகிறது. உப்பு நீரில் ஊற வைப்பதா, வினிகர் கலப்பதா, சமையல் சோடா போதுமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். நானும் திராட்சையைப் பாத்திரத்தில் ஊறப்போட்டு, மேலே படிந்த வெண்பூச்சு கலைந்து நீர் கலங்குவதைப் பார்த்து நிம்மதி அடைந்தவன்தான். அந்த வெண்பூச்சில் பெரும்பகுதி பழமே சுரக்கும் மெழுகு என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு காயில் எச்சம் எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, கடைசியாக மருந்து அடித்த நாளுக்கும் காயைப் பறித்த நாளுக்கும் இடையில் கழிந்த நாட்களே. உண்பவர்களாகிய நாம் அந்தக் கேள்வியை மட்டும் கேட்பதில்லை.

பூச்சிக்கொல்லிகளின் முகப்புச்சீட்டில் காத்திருப்புக் காலம் என்று ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். தெளித்த பிறகு அத்தனை நாட்கள் கழியாமல் அறுவடை செய்யக் கூடாது என்பது அதன் பொருள். அந்த இடைவெளியில் வெயிலும் மழையும் நஞ்சைச் சிதைக்கின்றன. செடியின் நொதிகள் அதை உடைக்கின்றன. காய் பருக்கப் பருக்க, எடைக்கு இவ்வளவு என்ற விகிதமும் குறைகிறது. ஒரு வேதிப்பொருள் மூன்று நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டாம் நாள் பறிக்கும் காயில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். மூன்றாம் நாளே பறித்துவிட்டால் பாதி அப்படியே வீட்டுக்கு வந்துவிடும்.

விவசாயி காத்திருந்தால் போதாதா என்று கேட்பது எளிது. வெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பூ விரிந்து ஐந்தாறு நாட்களில் காய் பதத்துக்கு வந்துவிடுகிறது. மேலும் இரண்டு நாள் விட்டால் முற்றி நாராகிவிடும். ஒரே செடியில் மேலே பூ, நடுவில் பிஞ்சு, கீழே பறிக்க வேண்டிய காய் என மூன்றும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. பிஞ்சைத் துளைக்கும் புழுவைக் கொல்ல அடிக்கிற மருந்து, மறுநாள் பறிக்க வேண்டிய காயின் மீதும் விழாமல் இருக்க வழியே இல்லை. சீட்டில் ஏழு நாள் என்று இருந்தால், ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்கும் விவசாயி மூன்று பறிப்பை மண்ணில் கொட்ட வேண்டும். வெள்ளரி, பீன்ஸ், தக்காளி எனத் தொடர்ந்து பறிக்கும் எல்லாப் பயிருக்கும் இதே நெருக்கடிதான். இழப்பு முழுவதையும் அவர் தலையில் கட்டிவிட்டு, விதியை மீறினார் என்று குற்றம் சாட்டுவதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

கழுவுவதால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆப்பிளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2017இல் வெளியானது. சமையல் சோடாக் கரைசலில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வைத்தபோது, தோலின் மேற்பரப்பிலிருந்த தயாபெண்டசோல், பாஸ்மெட் என்னும் இரு வேதிப்பொருள்களில் பெரும்பகுதி நீங்கியது. ஆனால் ஏற்கெனவே தோலுக்குள் ஊடுருவிவிட்ட பங்கை அந்தக் கரைசலால் தொட முடியவில்லை. வேர் வழியாகவோ இலை வழியாகவோ செடியின் சாற்றோடு கலந்து ஓடும் ஊடுருவும் வகை நஞ்சுகளிடம் எந்தக் கழுவலும் செல்லாது. 1985இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தர்பூசணி சாப்பிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைத்துடிப்பு, மங்கிய பார்வை என அவதிப்பட்டார்கள். அந்தப் பயிருக்கு அனுமதிக்கப்படாத ஆல்டிகார்ப் என்ற நஞ்சு பழத்தின் சதையிலேயே கலந்திருந்தது. நரம்புச் செய்தி முடிந்ததும் அதை அணைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை அது முடக்குகிறது. கரிம பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகளும் இதே வழியில்தான் தாக்குகின்றன.

இப்படி உடனே தெரியும் நோய் அரிது. அன்றாட உணவில் சிறுகச் சிறுகச் சேர்வதன் விளைவைப் பற்றிப் பேசும்போது நிதானம் தேவை. பார்க்கின்சன் நோய், சில வகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றோடு தொடர்பு காட்டும் சான்றுகளில் வலுவானவை, தெளிப்பவர்களையும் வயலில் வேலை செய்பவர்களையும் பற்றியவை. தட்டில் இருக்கும் எச்சத்தைப் பற்றியவை அல்ல. குளோர்பைரிபாஸ் என்ற கரிம பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லி மட்டும் என்னை உறுத்துகிறது. கர்ப்ப காலத்தில் அதற்கு ஆட்பட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு நினைவாற்றலும் அறிவு வளர்ச்சியும் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டின. 1965 முதல் சந்தையில் இருந்துவரும் அதை ஐரோப்பிய ஒன்றியம் 2020இல்தான் நிறுத்தியது. எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களை ஒழிப்பதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2025இல்தான், அதுவும் விலக்குகளோடு, அது சேர்ந்தது. அந்த அரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் பிறந்த குழந்தைகளை நினைக்காமல் இந்த ஆண்டுகளை என்னால் எழுத முடியவில்லை.

அதிகபட்ச எச்ச வரம்பு என்ற சொல்லையும் நாம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். அது உடல் தாங்கும் எல்லையைக் குறிக்கும் எண் அன்று. சீட்டில் சொன்னபடி தெளித்து, சொன்னபடி காத்திருந்து பறித்தால் எவ்வளவு மிஞ்சும் என்று வயல் சோதனைகளில் அளந்து வைப்பதே அந்த எண். உடலுக்கான எல்லை வேறு: விலங்குச் சோதனையில் தீங்கு தென்படாத அளவை வழக்கமாக நூறால் வகுத்து, நாள்தோறும் ஏற்கத்தக்க அளவு என்று வைக்கிறார்கள். வரம்புக்குள் மிஞ்சும் எச்சத்தை உண்டாலும் இந்த அளவைத் தாண்டாது என்று சரிபார்த்த பிறகே வரம்புக்கு ஒப்புதல் தருகிறார்கள். ஆகவே ஒரு காய் வரம்பை மீறினால் உடனே நோய் வரும் என்று பொருளில்லை. ஆனால் யாரோ காத்திருக்கவில்லை, அல்லது அனுமதியில்லாததைத் தெளித்திருக்கிறார் என்பதற்கு அது சாட்சி.

இந்தக் கணக்கில் ஓட்டை இருப்பது இரண்டு இடங்களில். ஒன்று, வேதிப்பொருள்களைத் தனித்தனியாக எடைபோடுவது. ஒரே நொதியைத் தாக்கும் நான்கு நஞ்சுகள் ஒரே தட்டில் சேரும்போது என்ன ஆகும் என்பதை மதிப்பிடும் தன் முதல் அறிக்கைகளை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல்தான் வெளியிட்டது. மற்றொன்று குழந்தை. உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் குழந்தை நம்மைவிட அதிகம் உண்கிறது, அதன் மூளையோ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கா 1996இல் கொண்டுவந்த சட்டம் குழந்தைகளுக்காக மேலும் பத்து மடங்குப் பாதுகாப்பைச் சேர்த்தது இதனால்தான்.

23 பள்ளிச் சிறார்களுக்கு ஐந்து நாட்கள் இயற்கை வேளாண் உணவைத் தந்து சிறுநீரைச் சோதித்த ஆய்வொன்று 2006இல் வெளியானது. மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகிய பூச்சிக்கொல்லிகளின் சிதைவுப் பொருள்கள் உடனே கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தன; பழைய உணவுக்குத் திரும்பியதும் மீண்டும் தலைகாட்டின. அளவு சிறியதுதான், நோய் என்று எதையும் அந்த ஆய்வு காட்டவில்லை. ஆனாலும் அந்த நஞ்சுகள் உணவு வழியேதான் பிள்ளைகளின் உடலுக்குள் சென்றன என்பதில் ஐயம் இல்லாமல் போயிற்று.

இதைப் படித்துவிட்டு யாரும் காய்கறியைக் குறைத்துவிட வேண்டாம். அதனால் வரும் கேடு எச்சத்தால் வருவதைவிடப் பெரியது. கழுவுங்கள், தோல் சீவ முடிந்ததைச் சீவுங்கள். ஆய்வகச் சோதனையையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் முடிவு கைக்கு வரும்போது அந்தக் கூடைக் காய் பெரும்பாலும் உண்டு முடிக்கப்பட்டிருக்கும். ஆகவே காயோடு சேர்ந்தே இரண்டு தேதிகள் வர வேண்டும் என்று கேட்கிறேன்: கடைசியாகத் தெளித்த தேதி, பறித்த தேதி. தொடர்ந்து பறிக்கும் பயிர்களுக்கு, பூச்சிகளை மணத்தால் ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகளும், காத்திருப்பு நாள் மிகக் குறைவாகவே தேவைப்படும் நுண்ணுயிர்ப் பூச்சிக்கொல்லிகளும் முதலில் கைக்கு எட்ட வேண்டும். அதற்கும் அடங்காத புழு வந்து கடுமையான மருந்தை அடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், காத்திருந்து கைவிடும் அந்த மூன்று பறிப்புக்கான பணத்தைக் கொள்முதல் செய்பவர்களும் அரசும் விவசாயிக்குத் தர வேண்டும். அப்படிக் காத்திருக்கும் நாட்களில், தெளித்த ஈரம் காயுமுன் வெறுங்கையோடு செடிகளுக்குள் இறங்கிப் பறிக்க வேண்டிய கட்டாயம் கூலிப் பெண்களுக்கும் இராது.