உருட்டிக்கொண்டு போறவர் மேல பழியைப் போடாதேங்கோ

"றோட்டில மெதுவா உருட்டிக்கொண்டு போறவையாலதான் விபத்து நடக்குது, வேகமா ஓடுறவையால இல்லை." இந்தக் கதையை இப்போது அடிக்கடி கேட்கிறேன். மினிபஸ் ஓடுகிறவர்கள் சொல்கிறார்கள், படித்தவர்கள் சொல்கிறார்கள், லீவுக்கு வந்து வான் வாடகைக்கு எடுத்து ஓடுகிற வெளிநாட்டு உறவுகளும் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில், எங்கட வீதிகளில் இந்தக் கதை ஆளைக் கொல்லும். அதனால்தான் எழுதுகிறேன்.

இதற்கு ஓர் ஆய்வையும் ஆதாரமாகக் காட்டுவார்கள். 1964இல் அமெரிக்காவில் டேவிட் சொலமன் என்பவர் கிராமப்புற நெடுஞ்சாலை விபத்துகளை ஆராய்ந்தார். சராசரி வேகத்தை விட மிக வேகமாகப் போகிறவரும் சரி, மிக மெதுவாகப் போகிறவரும் சரி, கூடுதலாக விபத்தில் மாட்டுகிறார்கள் என்று எழுதினார். பிறகு வந்தவர்கள் அதைக் கிண்டிப் பார்த்தபோது, அந்த ‘மெதுவான’ வாகனங்களில் கணிசமானவை திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தவை, பக்கத்து வீதியிலிருந்து அப்போதுதான் ஏறியவை என்று தெரியவந்தது. 1990களில் அடிலெயிட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணிக்கு 60 கி.மீ. வேக எல்லை உள்ள வீதிகளை எடுத்துப் பார்த்தார்கள். 60க்கு மேல் ஒவ்வொரு 5 கி.மீ. கூடும்போதும் ஆட்கள் காயப்படுகிற விபத்தின் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பானது. மெதுவாகப் போனவர்களுக்கு ஆபத்து கூடியதாக அவர்கள் காணவில்லை.

சரி, எங்கட பக்கம் வருவோம். யாழ்ப்பாணத்தில் மெதுவாகப் போகிறவர் யார்? நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு தோட்ட ஒழுங்கையால் ஏறுகிற லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம். கொடிகாமத்தில் இன்னமும் ஓடுகிற தட்டிவான் என்கிற பழைய பலகை வான். ரியூசன் முடிந்து சைக்கிளில் வருகிற பிள்ளைகள். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற ஐயா. இவர்களில் ஒருவரும் பொழுதுபோக்குக்காக மெதுவாகப் போகவில்லை. அந்த வாகனத்தின் வேகம் அவ்வளவுதான், அந்த உடம்பின் வேகம் அவ்வளவுதான். ஓட்டோவுக்கு இந்த நாட்டுச் சட்டப்படியே மணிக்கு 40 கி.மீ.தான் வேக எல்லை. 40இல் போகிற ஓட்டோக்காரருக்குப் பின்னால் நின்று ஹோர்ன் அடிக்கிறவர், சட்டத்தை மீறு என்றல்லவா கேட்கிறார்?

கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியில் கொக்குவிலிலிருந்து சுன்னாகம் வரை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். கொஞ்சத் தூரத்துக்கு ஒரு ஒழுங்கை, மதிலோடு மதிலாக வீடு, கோயில், கடை. ஒழுங்கை வாசலில் மதில் மறைப்பதால் சைக்கிளின் முன்சில்லு றோட்டுக்கு வந்த பிறகுதான் வருகிற ஆளுக்கே றோட்டுத் தெரியும். 50இல் வருகிற காருக்கு, பிரேக்கில் கால் வைக்க எடுக்கிற அந்த 1 விநாடியையும் சேர்த்து, காய்ந்த றோட்டில் நிற்க ஏறத்தாழ 28 மீற்றர் வேண்டும். 70இல் வந்தால் 47 மீற்றர். இந்த வீதியில் 47 மீற்றர் ஆருக்குக் கிடைக்கும்?

கண்டி வீதியில் கதை வேறு. யுத்தத்துக்குப் பிறகு வழுவழுப்பான தார்க் காப்பெற் போட்டு, கைதடி தாண்டினால் கால் தானாக அமத்தும். அங்கே முன்னுக்கு ஒரு உழவு இயந்திரம் போனால் போதும், பின்னால் பொறுமையில்லாத ஒரு வரிசை சேர்ந்துவிடும். பிறகு ஒருவர் முந்துவதற்கு வெட்டி எடுப்பார். நீங்கள் 70இல், எதிரே வருகிறவரும் 70இல் என்றால் இருவருக்கும் இடையிலுள்ள தூரம் 5 விநாடிக்குள் கிட்டத்தட்ட 200 மீற்றர் குறைந்துவிடும். அந்த 5 விநாடியும் நீங்கள் மற்றவரின் பக்கத்தில் நிற்கிறீர்கள். நேருக்கு நேர் மோதிய பிறகு, "முன்னால போன உழவு மெசினாலதான்" என்கிறோம். உழவு இயந்திரம் தன் பாட்டில் நேராகத்தான் போனது. நடுக்கோட்டைத் தாண்டியது அது இல்லை. பின்னால் பொறுத்து நின்றிருந்தால் என்ன நட்டம்? 1 கிலோமீற்றரை 60இல் போனால் 1 நிமிடம், 30இல் போனால் 2 நிமிடம். ஒரு நிமிடம் பிந்துவோம். அவ்வளவுதான்.

என் அம்மா அறுபது தாண்டியவ. சந்தைக்கு ஸ்கூட்டியில் போவா, இடதுபக்கக் கரையோடு, மெதுவாக. ஒருநாள் பின்னால் ஒரு மினிபஸ் விடாமல் ஹோர்ன் அடிக்க, பயத்தில் காப்பெற் விளிம்பால் மண்ணுக்குள் இறக்கிச் சறுக்கி விழுந்துவிட்டா. மணிக்கட்டு முறிந்தது. பஸ் நிற்கவில்லை. வீட்டுக்குப் பார்க்க வந்த ஒருவர், "இந்த வயசில ஏன் அக்கா ஸ்கூட்டி ஓடுறியள்?" என்று அவவிடம்தான் கேட்டார். அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வயது போனவர்கள் றோட்டுக்கு வரக்கூடாது என்றால் அந்த றோட்டு ஆருக்குப் போட்டது?

மெதுவாகப் போகிறவரிடத்தில் பிழையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நடு றோட்டில் போன் கதைத்துக்கொண்டு போகிறவரும், சிக்னல் போடாமல் திடீரென்று வலது பக்கம் திருப்புகிறவரும் ஆபத்தானவர்கள்தான். எதிர்பாராத நேரத்தில் எதிர்பாராததைச் செய்வதால் வருகிற ஆபத்து அது. எல்லாரும் 100இல் போகிற தெற்கின் அதிவேகப் பாதையில் ஒருவர் 30இல் போனால் நானும் கண்டிப்பேன். ஆனால் அந்தப் பாதையில் ஓட்டோவையும் மோட்டார் சைக்கிளையும் விடுவதே இல்லை. எங்கட வீதிகளில் சைக்கிளும் பஸ்ஸும் கட்டாக்காலி மாடும் ஒன்றாகத்தான் போகின்றன. அங்கத்தைய நியாயத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

எனக்கு உண்மையில் பயம் தருவது இரவில் பின்லைற் இல்லாமல் போகிற லாண்ட்மாஸ்டர் பெட்டி, அதாவது அது பின்னால் இழுத்துக்கொண்டு போகிற சுமைப் பெட்டி. வல்லை வெளியில், எதிரே வருகிறவரின் ஹெட்லைற் கண்ணைக் குத்துகிற நேரத்தில், முன்னுக்குப் பெட்டி இருப்பதே கிட்டப் போன பிறகுதான் தெரியும். வெளிச்சம் பட்டால் மினுங்குகிற சிவப்பு ஸ்ரிக்கரைப் பெட்டியின் பின்பக்கம் இரண்டு மூலையிலும் ஒட்டினால் தூரத்திலேயே தெரியும். பெரிய செலவில்லை. கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஒருவர் எழும்பிக் கதையுங்கள். மொத்தமாக வாங்கி, ஊரில் இருக்கிற எல்லாப் பெட்டிக்கும் அடுத்த முறை வெங்காயம் கிண்டி எடுக்கிறதுக்கு முன்னமே ஒட்டிவிடலாம். காசு சேர்க்கிறதென்றால் நானும் தருகிறேன்.