ஹோர்முஸ் நீரிணைக்குத் தென்கரையும் உண்டு

ஹோர்முஸ் நீரிணை முழுவதும் ஈரானுக்கே சொந்தம் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்கிறார்கள். அன்புகூர்ந்து கவனியுங்கள்: ஈரானுக்கு உரியது வடகரை மட்டுமே. தென்கரையில் இருப்பது ஓமானின் முசந்தம் தீபகற்பம். ஐக்கிய அரபு அமீரகம் குறுக்கே கிடந்து அதை ஓமானின் மற்ற பகுதியிலிருந்து பிரிப்பதால் பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

நீரிணையின் மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 21 கடல் மைல். அங்கே கப்பல்களுக்கென வகுக்கப்பட்ட போக்குவரத்துப் பாதை, முசந்தம் முனைக்கு அப்பால் உள்ள சலாமா என்ற சிறு தீவுகளுக்குச் சற்று வடக்கே, ஓமானின் கடற்பரப்பில்தான் வரையப்பட்டிருக்கிறது.

சரிபார்ப்பது எளிது. எந்த இணைய வரைபடத்திலும் முசந்தத்தில் உள்ள கசப் என்ற துறைமுக ஊரைத் தேடுங்கள். நாடு ஓமான் என்றே காட்டும். கடற்பயண வரைபடம் கிடைத்தால், கப்பல் பாதை எந்தக் கரையை ஒட்டி இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம்.