மடியில் உட்காராத பிள்ளைக்குத் திமிராம்!

அந்தக் காதுகுத்து வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாச்சு. ஆறு வருஷம் கழித்து வந்த தாத்தா மடியில் உட்கார மாட்டேன் என்று அழுத நாலரை வயசுப் பிள்ளைக்குத் "திமிர்". பெற்றவளுக்கு "வளர்ப்பு சரியில்லை". கமெண்டில் தீர்ப்பு எழுதிய நாட்டாமைகளுக்கு ஒரு கும்பிடு.

அந்தப் பிள்ளைக்கு அவர் தாத்தா இல்லைங்க. இன்னும் இல்லை. வேட்டி கட்டிய ஒரு புது ஆள். மகள் சாதி மாறிக் கட்டிக்கொண்டாள் என்று தலைமுழுகியது பெரியவர்கள். வட்டி கட்டுவது பிள்ளையா?

முதல் சந்திப்பை விசேஷத்தில் வைக்கவே கூடாது. மேளம், நூறு முகம், கேமரா, போதாததற்கு காதில் ஊசி. அந்த வலியோடு சேர்ந்துதான் அவர் முகம் பதியும். பிள்ளையின் வீட்டுக்கே அவர் வரட்டும். சாயங்காலம், தூங்கி எழுந்து பால் குடித்த பிறகு. அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. அம்மா அதே அறையில். தாத்தா சோபாவில் இல்லை, பாயில். தூக்கக் கூடாது, முத்தம் கேட்கவே கூடாது. கையில் ஒரு வேலை இருக்கட்டும்: கடலை உரிக்கலாம், பனையோலையில் காற்றாடி செய்யலாம். பிள்ளை அந்தக் கையைப் பார்த்துத்தான் பக்கத்தில் வரும். ரிமோட் கார் வாங்கி வந்தால் காரோடு பழகும், ஆளோடு பழகாது. சிணுங்கும் முன்பே கிளம்பிவிட வேண்டும். அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒருமுறை வராவிட்டால் மறுபடி முதலில் இருந்துதான்.

"அவருக்கு வயசாச்சே, எத்தனை வாரம் காத்திருப்பார்?" நியாயமான கேள்வி. பாவம்தான். ஆனால் "ரத்தம் தானா இழுக்கும்" என்கிறீர்களே, ஆறு வருஷமாக அவரை ஏன் இழுக்கவில்லை?

இன்னொருத்தர் 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு வந்தார், கொரோனாவில் பெற்றோரை இழந்த பையனைத் தாத்தா பாட்டியிடம் கொடுத்தார்களாம். கொடுத்தார்கள். யாரிடம் வளர வேண்டும் என்று கோர்ட்டு சொல்லலாம், மடியில் உட்காரச் சொல்லி உத்தரவு போட முடியுமா? வெள்ளைக்காரன் காலத்து 1890 காப்பாளர் சட்டம்கூட, விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் கருதலாம் என்கிறது. நம்ம கமெண்ட் பாக்ஸ் இன்னும் 1890-க்கே வந்து சேரவில்லை.

புது ஆளை நம்பலாமா என்று பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். அந்த வீடியோவில் அம்மா முகத்தை யாராவது பார்த்தீர்களா? திரும்பப் போட்டுப் பாருங்கள். தாத்தா தன் மகளைத் தாண்டிப் போய்த்தான் பேரனுக்குக் கை நீட்டுகிறார். மருமகன் தட்டைப் பிடித்தபடி பக்கத்திலேயே நிற்கிறார். அவரைப் பார்த்து ஒரு "நல்லாருக்கீங்களா"கூட இல்லை.