அந்தப் பொம்மைக்குப் புதுச் சாயம் பூசாதீர்கள்

எலாஸ்டோலின், லினியோல் என்ற பழைய ஜெர்மன் பொம்மைகளை வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது சாயம் பளபளப்பாக இருக்கிறதா என்றுதான். தலைவர் பொம்மைகளைப் பொறுத்தவரை இது தலைகீழ்க் கணக்கு.

1930களின் ஜெர்மனியில் ஹவுசர் நிறுவனம் எலாஸ்டோலின் என்ற பெயரிலும், பிராண்டன்பர்க் நகரத்து லினியோல் தன் பெயரிலும் ஏறக்குறைய 7 செ.மீ. உயரத்தில் படைவீரர்களைச் செய்து விற்றன. கூடவே ஹிட்லர், நாஜித் தலைவர் கோரிங், இத்தாலியின் முசோலினி எனத் தலைவர் பொம்மைகளும். சில ஹிட்லர் பொம்மைகளில் வலது கையைத் தூக்கி இறக்கலாம். சில உயர்ரகங்களில் தலை மட்டும் பீங்கான். சல்யூட் அடிக்க வைப்பதே விளையாட்டு! அப்படி விளையாடிய பொம்மையில் தோள் மூட்டைச் சுற்றிச் சாயம் தேய்ந்திருக்கும். பிரசாரம் குழந்தையின் விரல்வரை போனதற்கு அந்தத் தேய்மானம்தான் சாட்சி. அதன்மேல் சாயம் பூசுவது சாட்சியைக் கலைக்கிற வேலை.

உள்ளே இருப்பது மரத்தூள், பசை, வெள்ளைக் களிமண் சேர்ந்த கலவை. நடுவில் இரும்புக் கம்பி. ஈரம் உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும் என்பதால் கணுக்காலில் நீளவாக்கில் விரிசல் விழும். அதனால் ஈரத்துணியே கூடாது, சோப்புத் தண்ணீர் பற்றிப் பேச்சே வேண்டாம். மென்மையான, காய்ந்த தூரிகை போதும். மூடிய பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு ஓர் ஈரப்பதமானியும் வையுங்கள். ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது. ரொம்பக் காயவிட்டாலும் ஆபத்துதான்: கலவை சுருங்கும், கம்பி சுருங்காது, மறுபடி விரிசல்.

போலிகளும் உண்டு. வலுவான காந்தத்தைக் காலருகே கொண்டுபோங்கள். ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்த்த போலியில் பெரும்பாலும் கம்பி இருக்காது, காந்தம் இழுக்காது. ஆனால் பழைய முறையிலேயே பின்னாளில் செய்தவற்றிலும் கம்பி இருக்கலாம் என்பதால் காந்தத்தை மட்டும் நம்பக்கூடாது. இருட்டில் புற ஊதா விளக்கு அடித்தால், பிற்காலத்தில் சாயம் பூசிய இடங்கள் பல நேரம் வேறு நிறத்தில் தெரியும். தூக்கி இறக்கும் கையின் தோள் மூட்டில் தேய்மானமே இல்லாமல் முழங்காலில் மட்டும் "பழமை" தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது ஜெர்மன் தண்டனைச் சட்டம் 86அ பிரிவின்படி குற்றம். கல்வி, ஆய்வு, கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. என்னைக் கேட்டால் அந்தச் சட்டம் நியாயமானது. கைப்பட்டையில் இருக்கும் ஸ்வஸ்திகாவை மறைக்க வேண்டுமென்றால் புகைப்படத்தில் மறையுங்கள். பொம்மையில் டேப் ஒட்டினால், உரிக்கும்போது சாயமும் சேர்ந்து வந்துவிடும்.